இடக்கையால் பின்னிய கதிர்கள்

அறுபத்தோரு வயதில்தான் நான் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் முப்பத்தைந்து வருஷம் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் டர்னராக இருந்தேன். இரும்புத் தண்டை லேத்தில் ஏற்றிக் கடைந்து, மயிரிழை கூடாமல் குறையாமல் அளவுக்குக் கொண்டுவருவது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கதவு கிரீச்சிட்டால் எனக்குக் கோபம் வரும். காலண்டர் கோணலாகத் தொங்கினால் கோபம் வரும். அடுப்படி மட்டும் என் எல்லைக்கு வெளியே இருந்தது, அங்கே என் மனைவி என்னை விட்டதும் இல்லை.

போன ஆகஸ்டில் ஒருநாள் காலை அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், கை போகவில்லை. என்னைக் கூப்பிட்டாள், வாய் குழறியது. பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பேச்சு ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. கால் ஒரு மாதத்தில் நடக்குமளவுக்கு வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. முழங்கை வரை கொஞ்சம் அசையும், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வரலாம், வராமலும் போகலாம், பயிற்சியை விடாதீர்கள் என்றார் டாக்டர்.

மகள் பெங்களூரிலிருந்து வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டு, வேலைக்குத் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து அடுப்படி என் கைக்கு வந்தது. என் மனைவி அதன் வாசல்படியில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பாள்.

"ஏனுங்க, உப்புப் போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு. ரெண்டு ஸ்பூன், தலைதட்டி."

"அரிசிம்பருப்புக்கு யாருங்க தலைதட்டி உப்புப் போடறாங்க? கைக்கு வர்றதைப் போடுங்க."

கைக்கு வருவதென்றால் எவ்வளவு என்று கேட்டுப் பார்த்தேன். முப்பது வருஷமாக அவளுக்கே தெரியாது, அவள் கைக்குத்தான் தெரியும். அந்தக் கைதான் இப்போது மடியில் கிடந்தது. நான் ஒரு நோட்டுப் போட்டு, கடுகு இத்தனை, சீரகம் இத்தனை, பூண்டு ஐந்து பல் என்று வரைபடம் மாதிரி எழுதிக்கொண்டேன். நோட்டுப்படி செய்த அரிசிம்பருப்பு சாதம் நோட்டைப் போலவே இருந்தது. அவள் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாள். கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுட்டேன். மாவு அச்சை விட்டு வரவேயில்லை. கடைசியில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். அதை யாருக்கும் தட்டில் வைத்துக் கொடுக்க முடியாததால் நாங்களே தின்று தீர்த்தோம்.

சமையல் போகட்டும். என்னை உறுத்தியது வேறு. அவள் கோயிலுக்கு வரவில்லை.

எங்கள் வீட்டுக்கும் பங்குக் கோயிலுக்கும் நடுவே ஐந்து நிமிட நடைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. மகளைப் பெற்ற வாரம் ஒன்றுதான் விதிவிலக்கு. இப்போது நடை வந்த பிறகும், "இன்னும் நல்லாகலீங்க. நல்லானதும் வாரேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கோயில் வாசலில் நாலு படி இருக்கிறது, அதுதான் பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஃபாதரிடம் கேட்டுக்கொண்டு, பைப்பை நானே வளைத்து, பழைய சிநேகிதர் பட்டறையில் வெல்டிங் வைத்து, ஏறும்போது இடது கைக்குத் தோதாக ஒரு கைப்பிடி போட்டேன். போட்டோ எடுத்து வந்து காட்டினேன்.

"நல்லாருக்குதுங்க. வயசானவிய எல்லாருக்கும் ஆகும்" என்றாள். வரவில்லை.

மாதத்தின் முதல் வெள்ளியன்று, நடமாட முடியாதவர்களுக்கு ஃபாதர் பூசையில் கொடுக்கும் அப்பத்தை, நன்மையை, வீட்டுக்கே கொண்டுவருவார். அவர் வரும் நேரம் பார்த்து அவள் சென்னிமலைப் போர்வையை இழுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொள்வாள். நல்ல வெயிலடிக்கும் நாளிலும் போர்த்தினாள். குளிர்கிறதா என்றால் ஆமாம் என்பாள். நானும் நம்பினேன். இரும்பில் இருக்கிற கீறலை இருட்டிலும் தடவிக் கண்டுபிடிப்பேன் என்று பெருமை பேசுகிறவன், பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கத் தெரியாமல் இருந்தேன்.

கண்டுபிடித்தது ஒரு கொசுவால்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுப் பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபமாலை சொல்வது எங்கள் பழக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் தொடங்குவேன். அன்று கொசு கடித்துக் கண்ணைத் திறந்தேன். அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு வரை வந்தது. நெற்றிக்குப் போகவில்லை, நழுவி மடியில் விழுந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி விழுந்தது. அப்புறம் தலையை மட்டும் குனிந்துகொண்டாள். மறுநாள் வேண்டுமென்றே ஓரக்கண்ணால் பார்த்தேன், அதேதான். மூன்றாம் நாள் அவள் தூக்கிப் பார்க்கவும் இல்லை.

ஜெபமாலை முடிந்ததும் கேட்டேன். "ஏம்மணி, இடது கையில சிலுவை போட்டா என்ன? சாமி உன்னையப் பேசிப்போடுவாரா?"

"இருவத்திரெண்டு வருசம் புள்ளைகளுக்கு என்னங்க சொல்லிக் குடுத்தேன்?" என்றாள் அவள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் எங்கள் பங்கில் மறைக்கல்வி டீச்சர். ஞாயிறு பூசை முடிந்ததும், முதன்முதலாகப் புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு வகுப்பு. முதல் பாடமே சிலுவை போடுவது. கையில் மர ஸ்கேல் வைத்துக்கொண்டு, "எந்தக் கை?" என்பாள். "வலது கை டீச்சர்" என்று வகுப்பே கத்தும். மாற்றிப் போட்டால் மணிக்கட்டில் ஸ்கேலால் ஒரு தட்டு. பலமாக இல்லை, ஆனால் விட மாட்டாள். சிலுவையைச் சரியாகப் போடாதவர்கள் வேறெதைச் சரியாகச் செய்யப்போகிறார்கள் என்பது அவள் கட்சி. அந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே ரகம்.

அதில் ஒரு பெண்ணைப் பற்றி அன்று சொன்னாள். எட்டு வயது, பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். எவ்வளவு சொல்லியும் இடது கைதான் முந்திக்கொண்டு எழும். அந்த வருஷம் முழுக்க அந்தக் குழந்தையை இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொன்னாளாம். "ஒருநாளும் அழுகலீங்க அவ. வெரலு மரத்துப் போயிருக்குமில்ல? நான் கேக்கவே இல்ல" என்றாள். அந்தப் பெண்தான் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், எங்கள் கோயிலில் பீடம் அலங்கரிக்கும் பெண்கள் குழுவுக்குத் தலைவி. ஞாயிறுதோறும் முன்வரிசையில் நிற்கிறாள். அவள் கண் முன்னால் இடது கையால் சிலுவை போட என் மனைவிக்கு முகமில்லை. ஃபாதர் வரும்போது கையை மூடிய போர்வையும் அதற்குத்தான்.

நான் பயந்துபோனேன். கை வராது போனால் போகட்டும், சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் அவள் கோயிலுக்கு வராமலே இருந்து பழகிவிட்டால், அப்புறம் கல்யாணத்துக்கு வர மாட்டாள், கடைக்கு வர மாட்டாள், வாசலுக்கும் வர மாட்டாள். அப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜனவரியில் அந்தப் பெண்ணே வீட்டுக்கு வந்தாள். விஷயம் பீடத்துணி. கோயிலில் பீடத்தைப் புதிதாக நீளமாகக் கட்டியிருந்தார்கள். மே மாதம் வரும் பங்குத் திருவிழாவுக்கு அதற்கொரு வெள்ளைத் துணி, முன்பக்கம் தொங்கும் ஓரத்தில் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா லேஸ். லேஸ் போட்டுத் தருகிறேன் என்று என் மனைவி உடம்பு நன்றாக இருந்தபோதே ஒப்புக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அகலத்தில் இருபத்துநாலு சதுரம், ஒவ்வொன்றிலும் ஒரு கோதுமைக் கதிர். பதிமூன்று முடிந்திருந்தன. அவை பிஸ்கட் டின்னில் கிடந்தன.

"டீச்சர், மீதியை நான் போட்டுத் தரட்டுங்களா? நீங்க சிரமப்படாதீங்க" என்றாள் அந்தப் பெண். டின்னிலிருந்து ஊசியை எடுத்து, நூலை விரலில் சுற்றி, நாலு சங்கிலி போட்டுக் காட்டினாள். இடது கையால்தான் போட்டாள். நல்ல வேகம்.

என் மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்றாள்.

அந்தப் பெண் போனதும் என்னிடம் சொன்னாள். "அவ போட்டா சரிவராதுங்க. எடது கைக்காரிய பின்னுனா எல்லாம் எதிர்ப்பக்கமாப் போகும். என்ற கதிரெல்லாம் வலப்பக்கம் சாஞ்சிருக்குது. அவளுது இடப்பக்கம் சாயும். போங்க, கடையில ஒரு லேஸ் வாங்கித் தெச்சுக்கச் சொல்லிப்போடுங்க. இந்த டின்னை எடுத்து மேல வெச்சிருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "ஒண்ணும் வேண்டாம். நான் போடறேன். எனக்கு வலது கை இருக்குதில்ல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதைச் சொன்னேன் என்று தெரிந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. உக்கடம் போகும் வழியில் ஒரு பாய் வைத்திருக்கும் கடை இருக்கிறது, தையல் சாமான் எல்லாம் கிடைக்கும். மாதிரிக்கு ஒரு கதிரை எடுத்துப் போனேன். வெள்ளை என்றால் ஒரே வெள்ளை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் வைத்துப் பார்த்து, ஐந்து வெள்ளைகளைத் தள்ளி ஆறாவதைக் கொடுத்தார். "யாருங்க பின்னறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் சிரிக்காமல், "அப்ப ஊசி ஒரு நம்பர் பெரிசாக் கொண்டு போங்க. ஆம்பளைக் கை இறுக்கும்" என்றார். நான் கேட்கவில்லை. வீட்டில் இருக்கிற ஊசியே போதும் என்று வந்துவிட்டேன்.

மூன்று வாரம் பழகினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நூலைச் சுத்துங்க, உள்ள விடுங்க, இழுங்க, இன்னொருக்காச் சுத்துங்க என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கணக்கில் நான் தப்பவில்லை. ஒரு கண்ணி கூட விட்டதில்லை. ஆனால் லேத்தில் வேலை செய்தவனுக்கு ஆட்டம் என்றால் ஆகாது. எதுவும் லூசாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு கண்ணியையும் நட்டு முடுக்குகிற மாதிரி முடுக்கினேன். கடைசியில் ஒரு சதுரம் முடிந்தது. மேசையில் வைத்தேன். நாலு மூலையும் மேலே தூக்கிக்கொண்டு, பொரித்த அப்பளம் மாதிரி நின்றது. விரலால் அமுக்கினேன். எடுத்ததும் மறுபடி எழுந்துகொண்டது.

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "இதுல தயிரு ஊத்திக் குடிக்கலாமுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மூன்று வாரம் வீணானதில் எனக்கு வருத்தமே இல்லை.

சிரித்து முடித்ததும், "இங்க குடுங்க, பிரிக்கலாம்" என்று வாங்கினாள். பிரிப்பது ஒரு கை வேலைதான். ஆனால் நான் முடுக்கிய முடுக்கில் அது பிரியவும் இல்லை. எரிச்சலில் அதை வைத்துவிட்டு, புதிதாக நூலை எடுத்து, ஊசியை இடது கையில் பிடித்தாள். "அந்த முனையப் புடிங்க. முடுக்காதீங்க, சும்மாப் புடிங்க" என்றாள். நான் இரண்டு விரலால் பிடித்தேன். பட்டறையில் வேலைப்பொருளைப் பிடித்துக்கொள்ள வைஸ் இருக்கும், அந்த வேலைதான் எனக்கு. முதல் நாள் ஒரு வரிசை கோணலாக வந்தது, பிரித்தாள். இரண்டாம் நாள் மூன்று வரிசை. அடுப்பில் கொள்ளுப்பருப்பு வெந்துகொண்டிருக்கும், விசில் சத்தத்தை அவள் எண்ணுவாள், கண்ணியை நான் எண்ணுவேன். ஒரு வாரத்தில் ஒரு கதிர் முழுசாக முடிந்தது. தட்டையாக மேசையில் படிந்தது. கோதுமை மணியெல்லாம் மேலே புடைத்து நின்றன. பழைய கதிருக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

அவள் டின்னைத் திறந்து ஒரு பழைய கதிரைப் பக்கத்தில் வைத்தாள். பழையது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. புதியது இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அந்தப் பெண்ணைப் பற்றி அவளே சொன்னதுதான். தன் கைக்கும் அதுவே நடக்கும் என்பதை மறந்துவிட்டாள். பின்னிக்கொண்டிருந்த சந்தோஷத்தில் மறந்திருக்க வேண்டும்.

"திருப்பிப் போட்டாப் போச்சு" என்றேன் நான். அவள் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் மணியே இல்லை, வெறும் முடிச்சுகள். தலைகீழாக வைத்தால் கதிர் தரையைப் பார்த்தது. கடைசி முடிச்சில் நகத்தை விட்டு நூல் முனையைத் தேடினாள்.

"பிரிச்சியின்னா நாளையிலிருந்து அடுப்புப் பத்த வெக்க மாட்டேன்" என்றேன்.

"தப்பாப் போட்டதை வெச்சு என்னங்க பண்றது?"

"எது தப்பு? எந்திரிச்சு வா."

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் என் பழைய கிரைண்டர் இருக்கிறது. கத்தி தீட்டுகிற யந்திரம்தான். நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாணைக்கல், ஒவ்வொரு கல்லையும் ஒரு நட்டு பிடித்துக்கொண்டிருக்கும். அவளை அங்கே கூட்டிப்போய், ஸ்பேனரை இடது கையில் கொடுத்து, வலப்பக்க நட்டைக் கழற்றச் சொன்னேன். கழன்றது. இடப்பக்க நட்டை அதே மாதிரி திருப்பச் சொன்னேன். இறுகியது. எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னேன். கழன்றது.

"இதுக்கு மட்டும் திருகு மரை எதிர்ப்பக்கமா வெட்டியிருக்குதுங்களா?" என்றாள்.

"ஆமா. லெஃப்ட் திரெட்டு. ரெண்டு பக்கமும் ஒரே மரை போட்டா, சுத்தச் சுத்த இந்தப் பக்க நட்டு தானாக் கழண்டு கல்லு தெறிச்சிரும். இந்த மரை நானே வெட்டினது. முப்பத்தஞ்சு வருசத்துல இதைத் தப்பு மரைன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. அந்தப் பக்கத்துக்கு அதுதான் மரை."

நான் நினைத்தது பீடத்துணியைப் பற்றித்தான். பன்னிரண்டு கதிர் வலப்பக்கம் சாயட்டும், அவற்றை இடது பாதியில் வை. பன்னிரண்டு இடப்பக்கம் சாயட்டும், அவற்றை வலது பாதியில் வை. எல்லாம் நடுவைப் பார்த்துக் குனிந்திருக்கும். நடுவில்தானே ஃபாதர் அப்பத்தையும் கிண்ணத்தையும் வைக்கிறார். இவ்வளவையும் ஒரு சாக்பீஸால் கொட்டகைத் தரையில் வரைந்து காட்டினேன். அவள் தரையைப் பார்க்கவில்லை. ஸ்பேனரைப் பிடித்த தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "பன்னெண்டு போடோணுமில்ல? நேரமாகுது வாங்க" என்றாள்.

தவக்காலம் முழுக்கப் பின்னினோம். வெள்ளிக்கிழமைகளில் கவிச்சி கிடையாது என்பதால் சமையல் சீக்கிரம் முடிந்துவிடும், பச்சைப்புளி ரசமும் ஒரு பொரியலும் போதும். அந்த நாட்களில் கூடுதலாக இரண்டு வரிசை ஓடும். மூன்றாவது கதிருக்குப் பிறகு நான் தேவைப்படவில்லை. அசையாத வலது கையைத் தூக்கிச் சதுரத்தின் மேல் வைத்து, அதையே பாரமாக்கிக்கொண்டு இடது கையால் பின்னினாள். "சும்மாத்தானே கெடக்குது, இதாச்சும் பண்ணட்டும்" என்றாள். என் வேலை போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அடுப்படிக்கே திரும்பினேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் நோட்டைப் பார்க்காமல் உப்புப் போட்டேன். அவள் சாப்பிட்டுவிட்டு, எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்கவேயில்லை.

ஈஸ்டருக்கும் அவள் கோயிலுக்கு வரவில்லை. நான் தனியாகப் போய் வந்தேன். வற்புறுத்தவில்லை, ஆனால் வருத்தம் இருந்தது.

மே மாதம் லேஸ் முடிந்தது. பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு துண்டாய்க் கோர்த்து, அந்தப் பெண்ணை வரச்சொல்லிக் கொடுத்துவிட்டோம். பழையதில் மிஞ்சிய பதிமூன்றாவது கதிர் எங்கள் வீட்டு அந்தோனியார் சுரூபத்தின் அடியில் விரித்திருக்கிறது. நான் முடுக்கிப் போட்டுக் கிண்ணமாக நின்ற சதுரமும் பக்கத்தில் உண்டு. அதில் தீப்பெட்டி வைக்கிறாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று, "ஏனுங்க, அவிய துண்டை மாத்தி வெச்சுத் தெச்சுப்போட்டா?" என்றாள்.

"எப்படி மாத்துவாங்க?"

"எடது பாதிய வலப்பக்கம் வெச்சாக் கதிரெல்லாம் வெளிய பாத்துக்குமில்லீங்க? சொல்ல மறந்துபோட்டேன்."

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். என் மனைவி அதற்குள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "செருப்ப எடுத்து வையுங்க" என்றாள். ஒன்பது மாதம் நான் எவ்வளவோ சொல்லியும் வராதவள், வெங்காயம் உரித்தது உரித்தபடி கிடக்க, எனக்கு முன்னால் தெருவில் நடந்தாள். கோயில் வாசலில் நான் போட்ட கைப்பிடியை இடது கையால் பற்றி நாலு படியும் ஏறினாள். உள்ளே நுழையும் இடத்தில் தீர்த்தத் தொட்டி இருக்கிறது. எல்லோரும் விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு போகிற இடம். அவள் அதைப் பார்த்தாள், கொஞ்சம் நின்றாள், பிறகு தாண்டிப் போய்விட்டாள்.

கோயிலில் அந்தப் பெண் மட்டும் இருந்தாள். பீடத்தின் முன் மண்டியிட்டு, லேஸைத் துணியில் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தாள். மாற்றித்தான் வைத்திருந்தாள். இடது பாதிக் கதிர்கள் ஒரு பக்கமும் வலது பாதிக் கதிர்கள் இன்னொரு பக்கமுமாக, சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினவர்களைப் போலப் போய்க்கொண்டிருந்தன.

"டீச்சர்" என்று எழுந்தாள் அந்தப் பெண்.

"உக்காரு கண்ணு. மாறிப்போச்சு. ரெண்டும் நடுவால பாக்கோணும். எந்திரிக்காத, நான் வாரேன்" என்ற என் மனைவி, என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். இருவரும் ஊசிகளைப் பிடுங்கத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் இடது கையால்தான். பிடுங்கி, துண்டுகளை இடம் மாற்றி, மறுபடி குத்தினார்கள். இருபத்துநாலு கதிரும் நடுவைப் பார்த்துக் குனிந்தன. நான் பின்னால் போய் நின்று பார்த்து, மட்டம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

கடைசி ஊசியைக் குத்திவிட்டு, என் மனைவி அந்தப் பெண்ணின் இடது கையைப் பிடித்தாள். "இந்தக் கையத்தானே நான் அடிச்சேன்? கால்ல போட்டு நசுக்க வெச்சேன். தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு" என்றாள்.

"எனக்கு ஞாபகமே இல்லீங்க டீச்சர்" என்றாள் அந்தப் பெண். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. ஞாபகம் இருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தாள். நான் எனக்கு அங்கே வேலையில்லை என்று வெளியே வந்து கைப்பிடியின் போல்ட்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அது இறுக்கமாகவே இருந்தது.

மறுநாள் திருவிழாப் பூசை. கோயில் நிரம்பி, வெளியே பந்தலிலும் ஆட்கள் நின்றார்கள். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் தூணோரமாக ஒரு இடம் பிடித்துக்கொண்டேன், அங்கிருந்துதான் அவள் தெரிவாள். அரக்குப் புடவை கட்டியிருந்தாள். கொசுவத்தை மகள் வைத்துவிட்டாள், முந்தின ராத்திரிதான் வந்திருந்தாள். இரண்டு வரிசைக்கு முன்னால் அந்தப் பெண் தன் பிள்ளைகளோடு நின்றாள். என் மனைவி அன்று போர்வை எதுவும் கொண்டுவரவில்லை.

ஃபாதர் பீடத்துக்கு வந்து நின்றார். "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே" என்றார். கோயிலே கையைத் தூக்கியது. நான் தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தேன். அவள் இடது கை எழுந்தது. நெற்றியில் தொட்டாள். நெஞ்சில் தொட்டாள். இடது கையால் இடது தோளைத் தொடுவது அத்தனை சுலபமில்லை, மணிக்கட்டை வளைத்துத் தொட்டாள். பிறகு வலது தோள். எல்லோரும் முடித்த பிறகும் அவள் முடித்திருக்கவில்லை. அவசரப்படவும் இல்லை.

பக்கத்தில் நின்றவர் என்னை முழங்கையால் இடித்தார். ஆமென் சொல்லி முடித்துவிட்டு எல்லோரும் அடுத்த ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். நான் என் சிலுவையைப் போடவே இல்லை.